போர் தண்ணி ஊர்ல மீன் தொட்டி: கம்மி செலவுல வீட்டிலேயே பராமரிக்கிறது எப்படி? (தர்மபுரி, கிருஷ்ணகிரி)

மொரப்பூர்_மீன்

வணக்கம். தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) மீட்டர்ல 1200 காட்டுது. கோல்ட்ஃபிஷ் 6, மோலி 4, பாசி சுரண்டுற டேங்க் கிளீனர் மீன் ஒன்னு. மாசம் ஒருக்கா மீனையெல்லாம் பக்கெட்டுல விட்டுட்டு கல்லு, ஃபில்டர் ஸ்பாஞ்ச், கண்ணாடி எல்லாத்தையும் குழாயில கழுவி முழுசா புதுத்தண்ணி ஊத்துறோம். மூணாம் நாள் தண்ணி பால் மாதிரி கலங்குது, மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. தண்ணி மட்டத்துல கண்ணாடி சுத்தி வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சு தேய்ச்சாலும் போகல. கடையில கேட்டா மருந்து, பாக்டீரியா பாட்டில், புது ஃபில்டர்னு ஆயிரக்கணக்குல சொல்றாங்க. வீட்டுல இருக்கிறதை வெச்சு என்ன செய்யலாம்?

பாலக்கோட்டார்

கலக்கத்துக்குக் காரணம் அழுக்கு இல்லைங்க, அந்த முழுக் கழுவல்தான். மீன் விடும் கழிவும் மீந்த தீனியும் அம்மோனியாவாக மாறும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்ச், கல், கண்ணாடி மேல் ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஸ்பாஞ்சையும் கல்லையும் ஒரே நாளில் குழாயில் அலசினால் அந்தக் குடித்தனமே காலி. புதிதாக முழு அளவில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் 4 வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள். அதாவது தொட்டி ஒருநாளும் பக்குவத்துக்கே வரவில்லை.

போர் தண்ணீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பக்கத்துத் தண்ணீருக்கு பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) பொதுவாக 7.5க்கு மேல்தான். பிஎச் 7ல் மொத்த அம்மோனியாவில் விஷத்தன்மை உள்ள பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8ல் அது ஐந்தைத் தாண்டிவிடும், வெயில் ஏற ஏற இன்னும் கூடும். அதே அளவு கழிவு மென்மையான தண்ணீரில் மீனைக் கொல்லாது, இங்கே கொல்லும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: இரண்டு நாள் தீனி வேண்டாம். நான்கு நாளைக்கு தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொடவே தொடாதீர்கள். ஏர் மோட்டார் இரவு பகலாக ஓடட்டும். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு, உங்கள் தொட்டிக்கு ஏறக்குறைய 50 கிராம், ஒரு மக்கில் கரைத்து நாள் முழுக்கப் பிரித்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். மோலி, கோல்ட்ஃபிஷ் இரண்டும் இந்த அளவைத் தாங்கும். தொட்டிக்குள் செடி இருந்தால் உப்புக்கு முன் எடுத்துவிடுங்கள். அடுத்தடுத்து தண்ணீர் மாற்றும்போது வெளியே போன தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டு உப்பு சேர்க்க வேண்டும். ஆவியான தண்ணீருக்கு உப்பு சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை.

காவேரிப்பட்டினம்_மோலி

மீன் கணக்கும் பாக்கணும்ங்க. அந்த அளவு தொட்டி விளிம்பு வரைக்கும் 54 லிட்டர்தான். கல்லு போட்டு ரெண்டு விரக்கடை குறைச்சு ஊத்தினா 45 லிட்டர் நிக்கும். அதுல ஆறு கோல்ட்ஃபிஷ்ங்கிறது எந்த ஃபில்டரும் தாங்காத கூட்டம். சிமெண்ட் தொட்டி வெச்சிருக்கிறவங்க யாருக்காவது குடுத்துடுங்க. மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் இதெல்லாம் கடினத் தண்ணிக்குன்னே பொறந்த மாதிரி. நம்ம ஊருக்கு அதைவிட சிக்கனமான வழி கிடையாது. தண்ணிக்கு ஏத்த மீனை வெச்சா தண்ணியை மாத்துற செலவே பாதி குறையும்.

அந்த டேங்க் கிளீனர் தொட்டியை சுத்தம் பண்ணாது. பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அதுக்கு மேல கழிவு விடும், ஒரு அடிக்கு மேல வளரும். வளர்ந்ததும் கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்லயோ ஏரியிலயோ கொண்டுபோய் விட்டுடாதீங்க. தமிழ்நாட்டு ஏரி, ஆத்துல எல்லாம் பரவி நாட்டு மீனுக்கு இடமில்லாம பண்றது இதே மீன்தான். கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுங்க.

மொரப்பூர்_மீன்

நன்றிங்க. கல்லை கழுவாம அடியில இருக்கிற அழுக்கை எப்படி எடுக்கிறது? சைஃபன் கடையில 350 சொல்றாங்க.

காவேரிப்பட்டினம்_மோலி

வாங்காதீங்க. கொத்தனார் மட்டம் பாக்கிற லெவல் டியூப் ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும். உள்விட்டம் 10 மில்லிமீட்டர், 2 மீட்டர் நீளம் போதும். அதைவிட பருமனா வாங்கினா 2 அடி தொட்டியில பாதிக் கல்லை முடிக்கிறதுக்குள்ள பாதித் தண்ணி போயிடும்.

அரை லிட்டர் தண்ணி பாட்டிலை அடியில இருந்து மூணு விரல் விட்டு வெட்டிடுங்க. வாய்ப்பக்கம் நமக்கு வேணும். மூடியில டியூபைவிட ஒரு நூல் சின்னதா ஓட்டை போடுங்க, பழைய ஸ்க்ரூ டிரைவரை சூடு பண்ணிக் குத்தினா போதும். டியூப் நுனியை வெந்நீர்ல ஒரு நிமிஷம் வெச்சு சாய்வா சீவி, ஓட்டை வழியா இழுத்து விட்டா தானே இறுகிக்கும். பசை எதுவும் வேண்டாம். வெட்டின விளிம்பைத் தோசைக்கல்லு சூட்டுல ஒரு நொடி வெச்சு எடுத்தா கூர் போயிடும், மீன் வாலைக் கிழிக்காது.

வாயால உறிஞ்சாதீங்க. பாட்டிலோட டியூப் முழுக்க தொட்டிக்குள்ள முக்கி காத்து போன பிறகு, வெளி நுனியை விரலால அடைச்சு பக்கெட்டுக்கு இறக்கி விரலை எடுத்தா ஓட ஆரம்பிக்கும். பக்கெட் தொட்டிக்கு எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவு வேகம். பாட்டிலோட வெட்டின பக்கத்தை கல்லுக்குள்ள ஒரு இஞ்ச் குத்துங்க. கல்லு சுழலும், அழுக்கு மேல போகும். தண்ணி தெளிஞ்சதும் டியூபை மடக்கிப் பிடிச்சா கல்லு திரும்ப உக்காந்துக்கும், பக்கத்து இடத்துக்கு நகருங்க. ஒரு வாரம் இடப்பக்கம் பாதி, அடுத்த வாரம் வலப்பக்கம் பாதி. ஒரே நாள்ல முழுத் தரையும் கிளறக் கூடாது, அங்கேயும் பாக்டீரியா இருக்கு. 12 லிட்டர் பக்கெட் ஒன்னு நிறைஞ்சதும் நிறுத்திடுங்க, அது கால்வாசி ஆச்சு. அந்தத் தண்ணி கறிவேப்பிலைக்கும் தென்னைக்கும் நல்ல உரம். இப்ப உப்பு போட்டிருக்கிறதால இந்த மாசம் மட்டும் செடிக்கு ஊத்த வேண்டாம்.

ஊத்தங்கரை_ஜி

இவ்வளவு எதுக்கு? ஆர்ஓ தண்ணீர் கேன் 30 ரூபாய். முழுக்க ஆர்ஓ ஊற்றினால் சுண்ணாம்பும் வராது, ஃபுளோரைடும் இல்லை. பிரச்சினை தீர்ந்தது.

பாலக்கோட்டார்

அப்படிச் செய்யாதீங்க சார். ஆர்ஓ எடுத்துவிடுவது உப்பை மட்டுமல்ல, பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட்டையும்தான். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாத தண்ணீரில் இரண்டு மூன்று வாரத்தில் பிஎச் 6க்குக் கீழே சரியும், பாக்டீரியாவின் வேலையும் மந்தமாகும். மோலி நடுங்கிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஃபுளோரைடு நம் எலும்புக்கும் பல்லுக்கும் பெரிய பிரச்சினை. அதற்காகத்தான் இரண்டு மாவட்டத்துக்கும் 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மீன் தொட்டியில் முதலில் கவலைப்பட வேண்டியது அம்மோனியாவைத்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகும் என்று பலர் நினைக்கிறார்கள், போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும்.

ஆர்ஓவுக்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் மாற்றுவது வேறு, ஆவியானதை நிரப்புவது வேறு. இதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கோடையில் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 7 லிட்டர். 1200 டிடிஎஸ் போர் தண்ணீரால் அதை நிரப்பினால் 8400 மில்லிகிராம் உப்பு உள்ளே போகிறது. தண்ணீர் மட்டுமே ஆவியாகி வெளியேறுகிறது, உப்பு உள்ளேயே தங்கும். கணக்குக்குத் தொட்டியை 50 லிட்டர் என்று வைத்தால் அது வாரத்துக்கு 168 ஏற்றம். தண்ணீர் மாற்றாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் ஏழாவது வாரம் டிடிஎஸ் இரட்டிப்பாகும். கொஞ்சம் சுண்ணாம்பாகக் கண்ணாடியில் படியும், அந்த வெள்ளை வளையம் அதுதான். வாராவாரம் கால்வாசி மாற்றினாலும் போர் தண்ணீரிலேயே நிரப்பினால் 1850 பக்கம் போய்த்தான் நிற்கும்.

ஆகவே வெளியே எடுத்த 12 லிட்டருக்குப் போர் தண்ணீர். ஆவியான 7 லிட்டருக்கு ஆர்ஓ தண்ணீர். மோலி, கப்பிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஒரு கேனில் மூன்று வாரம் ஓடிவிடும்.

அரூர்_டெட்ரா

மென்மையான தண்ணி கேக்கிற டெட்ரா, ஏஞ்சல் மீன் வெச்சிருக்கிறவங்களுக்குக் கலவைக் கணக்கு. வேண்டிய டிடிஎஸ்ல இருந்து ஆர்ஓ டிடிஎஸ்ஸைக் கழிங்க. போர் டிடிஎஸ்ல இருந்தும் ஆர்ஓ டிடிஎஸ்ஸைக் கழிங்க. முதலை ரெண்டாவதால வகுத்தா போர் தண்ணியோட பங்கு வரும். போர் 1200, ஆர்ஓ 60, வேண்டியது 400 என்றால் 340ஐ 1140ஆல் வகுக்க 0.3. அதாவது 20 லிட்டர் பக்கெட்டுல 6 லிட்டர் போர், 14 லிட்டர் ஆர்ஓ. மோலி வெச்சிருக்கிறவங்க கலக்கணும்னு ஆசைப்பட்டா பாதிக்குப் பாதி போதும், 630 வரும்.

பழைய தொட்டி 1800ல இருந்தா ஒரே நாள்ல 400க்கு இறக்கிடாதீங்க. மீன் உடம்புக்குள்ள இருக்கிற உப்புச் சமநிலை குலைஞ்சு போயிடும். வாரம் கால்வாசி வீதம் இறங்கட்டும்.

ஆர்ஓ மெஷின் வீட்டுல இருந்தா, வீணாப் போற குழாயில வர்ற தண்ணியை தொட்டிக்கு ஊத்தாதீங்க. அதுல உப்பு அடர்த்தி மூலத் தண்ணியைவிட அதிகம். பாத்திரம் கழுவ வெச்சுக்கலாம்.

ஓசூர்_குளிர்

ஓசூர் அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாடியில் சாஃப்ட்னர் வைத்திருந்தால் சோப்பு நன்றாக நுரைக்கும், தண்ணீர் மென்மையாகிவிட்டது என்று தோன்றும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது, அவ்வளவுதான். மீட்டரில் டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதை ஆர்ஓ தண்ணீர்போல நினைத்து நிரப்பக் கூடாது.

டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு உப்பு என்று மட்டும் சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. முழு விவரம் வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். குடிக்கிற தண்ணீருக்கும் அந்த அறிக்கை உதவும்.

மொரப்பூர்_மீன்

எங்க தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணியும் வருது. அதை நேரா ஊத்தலாமா? சில நாள் மருந்து வாசனை தூக்கலா இருக்கு.

அரூர்_டெட்ரா

ஒகேனக்கல் தண்ணி போர் தண்ணியைவிட எவ்வளவோ மென்மை, தொட்டிக்கு ரொம்ப நல்லது. ஆனா குளோரின் சேர்த்துத்தான் வரும். நேரா ஊத்தினா செவுளும் வெந்துபோகும், ஸ்பாஞ்சுல இருக்கிற பாக்டீரியாவும் சாகும். வாய் அகலமான டிரம்முல பிடிச்சு ஏர் ஸ்டோன் (ஏர் டியூப் நுனியில மாட்டுற குமிழ் விடுற கல்) போட்டு 24 மணி நேரம் வெச்சா போதும். அவசரம்னா ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட். கடையில ஆன்டி குளோரின்னு விக்கிற சின்ன பாட்டில்ல பெரும்பாலும் இருக்கிறது இதோட கரைசல்தான். கெமிக்கல் கடையில கட்டியா, கற்கண்டு மாதிரி 100 கிராம் வாங்கிக்குங்க. அதை ஆர்ஓ தண்ணியில கரைச்சு மொத்தம் 1 லிட்டர் ஆக்கி, வெயில் படாத பாட்டில்ல மூடி வைங்க. 10 லிட்டருக்கு 1 மில்லி, ஊசி சிரிஞ்சுல அளந்து பக்கெட்டுல விட்டுக் கலக்கினா ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சது. லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் குளோரினை அது முறிக்கும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் ஹைப்போங்கிற கணக்கு. மழைக்காலத்துல பிளீச்சிங் பவுடர் அதிகமா போடுவாங்க, வாசனை மூக்குல ஏறினா 2 மில்லி. தேதியை பாட்டில் மேல எழுதி வைங்க, மூணு மாசத்துக்கு மேல வெச்ச கரைசலை நம்ப வேண்டாம்.

போர் தண்ணியில குளோரின் இல்ல, அதனால நேரா விடலாம்னு நினைக்காதீங்க. ஆழத்துல இருந்து அப்பத்தான் ஏறின தண்ணியில ஆக்சிஜன் குறைவு, கரைஞ்ச வாயு அதிகம். கண்ணாடி டம்ளர்ல பிடிச்சா உள்பக்கம் பொடிப்பொடியா குமிழ் ஒட்டுறது அதனாலதான். அந்தக் குமிழ் மீனோட செவுள்லயும் துடுப்புலயும் உண்டாகலாம். ராத்திரி பிடிச்சு ஏர் ஸ்டோன் போட்டு காலையில ஊத்துங்க.

கல்பட்டறை_கிருஷ்ணகிரி

தரைக்கும் அலங்காரத்துக்கும் கடைக் கலர்க் கல் வேண்டாம், சாயம் உரியும். கிருஷ்ணகிரியில் கிரானைட் துண்டு கிடைக்காத தெரு உண்டா? கருங்கல் தண்ணீரில் எதையும் கலக்காது. தரைக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் சில்லு, சல்லடையில் சலித்து, கழுவின தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். எம் சாண்டும் ஆகும், ஆனால் பத்துத் தடவையாவது கழுவ வேண்டும், அவ்வளவு கல் தூள். முனை கூராக இருப்பதால் அடியில் மேயும் கோரிடோரஸ் மீசைக்கு ஆகாது. பாலிஷ் போட்ட துண்டுகளில் ரெசின் பூசியிருப்பார்கள், உடைத்த பச்சைக் கல்லாகவே எடுங்கள். துருக் கறையோ தங்கம்போல மின்னும் பொட்டோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மார்பிள், கடப்பா, சிப்பி, பவளம் எல்லாம் சுண்ணாம்பு. ஏற்கெனவே கடினமான நம் தண்ணீரை இன்னும் ஏற்றும். சந்தேகமிருந்தால் வெளியே வைத்து டாய்லெட் கழுவும் ஆசிட் இரண்டு சொட்டு கல் மேல் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். நுரைக்காவிட்டாலும் நன்றாக அலசி ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகே உள்ளே போட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வினிகரில் செய்யும் சோதனை பலவீனம், கடினச் சுண்ணாம்புக் கல்லைக்கூடத் தவறவிடும்.

கண்ணாடியில் உள்ள வெள்ளை வளையத்துக்கு வினிகர் சரியான மருந்து. தண்ணீர் மட்டத்தை மூன்று விரல் இறக்கிக்கொண்டு, டிஷ்யூ பேப்பரை வினிகரில் நனைத்து கறை மேல் ஒட்டிவிடுங்கள். அரை மணி கழித்து பழைய ஏடிஎம் கார்டால் வழித்தால் உரிந்து வரும். ஈரத்துணியால் இருமுறை துடைத்த பின் தண்ணீர் ஏற்றலாம். பிளேடு பிடிப்பவர்கள் மூலைச் சிலிக்கானுக்கு ஒரு விரல் தள்ளியே நிறுத்துங்கள். அங்கே ஒரு கீறல் விழுந்தால் ஆறு மாதத்தில் ஒழுகும். சபீனா, விம் எதுவும் வேண்டாம்.

மொரப்பூர்_மீன்

இருக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதுமா? இல்ல வீட்டிலேயே ஒன்னு செய்யலாமா?

பாலக்கோட்டார்

ஸ்பாஞ்ச் ஃபில்டர் விலைக்கு அதைச் செய்ய மெனக்கெட வேண்டாம். கட்டில், சோபா ஸ்பாஞ்சை வெட்டிப் போடாதீர்கள், துளை மிகப் பொடியாக இருப்பதால் பத்தே நாளில் அடைத்துக்கொள்ளும். சிலவற்றில் தீப்பிடிக்காத மருந்தும் கலந்திருக்கும். கூடுதலாக ஒரு டப்பா ஃபில்டர் செய்வது வேண்டுமானால் பயனுள்ளது. இரண்டு ஃபில்டர் இருந்தால் மாற்றி மாற்றிக் கழுவலாம், பாக்டீரியா ஒரு பக்கம் எப்போதும் இருக்கும்.

1 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, இறுக்கமான மூடியுடன். மூடி நடுவே அரை இஞ்ச் பிவிசி பைப் நுழையும் துளை. அதைச் சுற்றி சூட்டாணியால் 20 சின்னத் துளை. பைப்பின் அடிநுனியில் ஹாக்சா பிளேடால் நான்கு வெட்டு போட்டு டப்பா தரையைத் தொடும்படி நிறுத்துங்கள், மேல்நுனி மூடிக்கு மேல் நாலு இஞ்ச் இருக்கட்டும். ஏர் டியூபைப் பைப்புக்குள்ளேயே அடிவரை இறக்க வேண்டும். அடியில் இரண்டு இஞ்ச் கிரானைட் சில்லு, டப்பா மிதக்காமல் இருக்க. அதன் மேல் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் மூன்று, சோப்பு கலக்காத வகை. அல்லது உடைந்த மண்சட்டித் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தலையணைப் பஞ்சு, செயற்கைப் பஞ்சுதான் வேண்டும், இலவம் பஞ்சு அழுகிவிடும். காற்று பைப்பில் ஏறும்போது தண்ணீரையும் தூக்கும், அந்த இடத்தை நிரப்ப மூடித் துளை வழியே அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். பஞ்சில் குப்பை நிற்கும், நாரில் பாக்டீரியா வாழும்.

பஞ்சை இரு வாரத்துக்கு ஒருமுறை, சைஃபனில் எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் பிழியுங்கள். நாரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேசாக முக்கி எடுத்தால் போதும். ஸ்பாஞ்சைக் கழுவும் வாரம் டப்பாவைத் தொடக் கூடாது.

ஓசூர்_குளிர்

வெயில், குளிர் பற்றி யாரும் பேசவில்லையே. தர்மபுரி, ஓசூர் இரண்டு ஊருக்கும் பிரச்சினை நேர் எதிர். தர்மபுரியில் ஏப்ரல், மே மாதம் தொட்டித் தண்ணீர் 33, 34 டிகிரி ஏறும். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30ல் 7.6தான். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேனை, பழைய 12 வோல்ட் அடாப்டரில் இணைத்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வீசும்படி மூடியில் பொருத்துங்கள். 2, 3 டிகிரி இறங்கும். நம் கோடைக்காற்று வறண்டது என்பதால் சென்னையைவிட இங்கே பலன் அதிகம். ஆவியாதலும் கூடும், எனவே பாலக்கோட்டார் சொன்ன ஆர்ஓ கணக்கு கோடையில் இரட்டிப்பு முக்கியம். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். பாட்டிலில் உறைய வைத்து மிதக்கவிடலாம், அதுவும் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காதபடி.

ஓசூரில் டிசம்பர், ஜனவரி இரவில் மோலியும் கப்பியும் ஒடுங்கும், வெள்ளைப்புள்ளி நோய் வரும் காலமும் அதுதான். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் 50 வாட் ஹீட்டர், 25 டிகிரியில் வையுங்கள். தொட்டியின் பின்புறமும் இரு பக்கமும் தெர்மாகோல் அட்டை ஒட்டினால் ஹீட்டர் ஓடும் நேரம் கணிசமாகக் குறையும். தண்ணீரை இறக்கும்போது ஹீட்டரை அணைத்து 15 நிமிடம் ஆறவிட வேண்டும், சூட்டோடு வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கும்.

கரெண்ட் போனால் முதலில் தீனியை நிறுத்துங்கள். யுஎஸ்பி ஏர் மோட்டார் 1 வாட்தான் இழுக்கும். 10000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றில் ஏறக்குறைய ஒருநாள் ஓடும். சில பவர் பேங்க் இவ்வளவு குறைந்த சுமையில் தானே அணைந்துவிடும், முன்கூட்டியே சோதித்து வையுங்கள்.

மொரப்பூர்_மீன்

ஏர் மோட்டாரை ராத்திரி நிறுத்தினா கரெண்ட் மிச்சம்னு வீட்டுல சொல்றாங்க. அதோட அது இப்ப காத்தும் கம்மியா தள்ளுது, சத்தம் ஜாஸ்தி.

அரூர்_டெட்ரா

5 வாட் மோட்டார் மாசம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். நிறுத்தாதீங்க. கரெண்ட் மிச்சம் பண்ணணும்னா லைட்டைக் குறைங்க, நாளுக்கு 7 மணி நேரம் தாராளம். பாசியும் குறையும்.

காத்து கம்மின்னா மோட்டார் மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஏர் ஸ்டோனைக் கழட்டிப் பாருங்க. வெறும் டியூப்ல காத்து நல்லா வந்தா கல்லுதான் அடைச்சிருக்கு, நம்ம தண்ணிக்கு ரெண்டு மாசத்துல சுண்ணாம்பு ஏறிடும். வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வெச்சு, கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம் போட்டு, வெயில்ல காய வைங்க. வெறும் டியூப்லயும் வரலைன்னா பிளக்கைக் கழட்டிட்டு மோட்டார் அடியில நாலு ஸ்க்ரூவைத் திறங்க. கறுப்பு ரப்பர் கிண்ணம் ஒன்னு இருக்கும், மடிப்புல கீறல் விட்டிருக்கும். அந்த டயாஃப்ரம் தனியாவே கிடைக்கும், பழசைக் கையில கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்க. காத்து உள்ள போற இடத்துல சின்னப் பஞ்சு இருக்கும், தூசி அடைச்சா அதைத் தட்டிப் போடுங்க. சத்தத்துக்கு, காந்தம் ஒட்டின கை நடுவுல நிக்குதான்னு பார்த்து நிமிர்த்துங்க. அடியில ஒரு ஸ்பாஞ்ச் துண்டு வெச்சா அதிர்வு அடங்கும்.

மோட்டார் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும். கீழ வெச்சா கரெண்ட் போறப்ப டியூப் வழியா தண்ணி திரும்பி ஓடி மோட்டார்ல இறங்கும். இடமில்லைன்னா தண்ணி திரும்பாம தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்னு போடுங்க, அம்பு தொட்டிப் பக்கம் பாக்கணும். எல்லா வயரும் தொட்டியைவிட்டுக் கீழ தொங்கி, வளைஞ்சு, அப்புறம் பிளக்குக்கு ஏறணும். அப்பத்தான் வழியிற சொட்டு பிளக்குக்குப் போகாது. கையை உள்ள விடுறதுக்கு முன்னாடி எல்லா சுவிட்சும் ஆஃப். வீட்டுல கரெண்ட் கசிஞ்சா தானே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தா ரொம்ப நல்லது. தண்ணிக்குள்ள ஓடுற மோட்டார்ல விறுவிறுன்னு ஷாக் அடிச்சா ரிப்பேர் யோசனையே வேண்டாம், தூக்கிப் போட்டுடுங்க.

மொரப்பூர்_மீன்

கடைசியா ஒன்னு. பின்பக்க மூலையில சொட்டு சொட்டா கசியுது. மேலாக சிலிக்கான் பூசினா நிக்குமா?

கல்பட்டறை_கிருஷ்ணகிரி

நிற்காது. காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் ஒட்டாது, வெளிப்பக்கம் பூசினாலும் தண்ணீர் அழுத்தம் அதைத் தள்ளிவிடும். உள்பக்க மூலை மடிப்பை முழுதாக உரித்துத்தான் போட வேண்டும். கசியும் ஒரு மூலையை மட்டும் உரித்தால் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மறுபடி ஒழுகும், அதனால் உள்மடிப்பு அத்தனையும் ஒரே தடவையில். கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பட்டையைத் தொடாதீர்கள், தொட்டியைப் பிடித்திருப்பதே அதுதான்.

வாங்க வேண்டியது வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண கண்ணாடிச் சிலிக்கான், 280 மில்லி டியூப். பாத்ரூமுக்கு என்று பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்து விற்பது மீனுக்கு விஷம், அதைத் தொடவே வேண்டாம். உரித்த இடத்தை அசிட்டோனில் துடைத்து முழுக்கக் காய விடுங்கள். மடிப்புக்கு இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் விட்டு மாஸ்கிங் டேப். சிலிக்கானை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் விட்டு, விரலால் ஒரே தடவை வழித்து, தோல் கட்டும் முன் டேப்பை உரியுங்கள். ஐந்து நிமிடம்தான் அவகாசம். காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் அது இறுகும், நாளுக்கு 2, 3 மில்லிமீட்டர். நம் ஊர் வறண்ட வெயிலில் இன்னும் மெதுவாகும். நிழலில் மூன்று நாள், வாசனை முழுக்கப் போகும்வரை.

சோதனையை வாசலில் வைத்துச் செய்யுங்கள். மட்டமான தரை, அடியில் தெர்மாகோல், அதன் மேல் செய்தித்தாள். முதல் நாள் பாதி, மறுநாள் முழுசு, அடுத்த 24 மணி நேரம் காகிதம் காய்ந்தே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒருமுறை அலசி அதன் பிறகே மீன்.

பாலக்கோட்டார்

அந்த அஞ்சாறு நாளும் மீன் இருக்கும் டிரம்மிலேயே ஸ்பாஞ்சையும் போட்டு ஏர் மோட்டாரை ஓடவிடுங்க தம்பி. பழைய கல்லில் ரெண்டு கைப்பிடி, ஒரு வலைப்பையில் கட்டி அதே டிரம்மில் தொங்கட்டும். காய்ந்துபோனால் திரும்பவும் ஆறு வாரம் காத்திருக்கணும். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும்.